எதிர் மூலையில் போய் உட்கார்ந்த கலியபெருமாள்

எப்படி நிற்பது, எப்படிக் குத்துவது, எப்படி விலகுவது என்பதெல்லாம் புதிதாகப் பயிற்சியாளர் ஆகும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். முறையாகப் படித்துப் பட்டயம் வாங்கி வந்திருக்கிறீர்கள். நான் குத்துச்சண்டைப் பயிற்சியாளர் ஆனது ஒரு தவறான புரிதலால்.

எழுபதுகளின் தொடக்கத்தில் காரைக்காலில் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியராக விசில் ஊதிக்கொண்டிருந்தேன். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கும் பெரியவர்களை எங்கள் ஊரில் 'சொல்தா' என்பார்கள். அப்படி ஒரு சொல்தா, தான் இளமையில் மாட்டிய நான்கு ஜோடி கையுறைகளைப் பள்ளிக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். தலைமையாசிரியர் அதை என்னிடம் தள்ளிவிட்டார். விக்கெட் கீப்பருக்கானது என்று நினைத்து ஒரு வாரம் அதை மாட்டிக்கொண்டு பந்து பிடித்தோம். ஒரு பந்துகூடக் கையில் நிற்கவில்லை. சொல்தா ஒருநாள் மைதானத்துப் பக்கம் வந்தவர், அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் சென்னையில் ஆறு வாரக் குத்துச்சண்டைப் பயிற்சி முகாமுக்குப் போய் மூக்கை உடைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். அன்று முதல் நான் 'பாக்ஸிங் மாஸ்டர்'.

அரசலாற்றங்கரையில் காலியாகக் கிடந்த ஒரு நெல் கிடங்கைக் கேட்டு வாங்கினோம். மூட்டையில் உமியும் மணலும் கலந்து கட்டித் தொங்கவிட்டோம். ஒவ்வொரு குத்துக்கும் தூசி பறக்கும், குத்தியவன் தும்முவான். வெளியூர்ப் போட்டிகளில் எங்கள் ஆட்கள் நல்ல குத்து ஒன்று விட்டதும் பழக்கதோஷத்தில் மூக்கைச் சுருக்குவார்கள். எதிராளிக்கு ஒன்றும் புரியாது.

அந்தக் கிடங்குக்கு வந்தவர்களில் ஒருவன்தான் கலியபெருமாள். காரைக்காலை ஒட்டிய தருமபுரத்தில் வீடு. அப்பா நெல் சாகுபடி. இவன் மின்துறையில் லைன்மேன், வயது இருபத்து மூன்று. கம்பம் ஏறி ஏறித் தோளும் முன்கையும் இறுகியிருந்தன. நான் அதற்காக எதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. சொல்லிக்கொடுக்க முடியாத இன்னொன்றும் அவனிடம் இருந்தது. சண்டை நடக்கும்போது அவன் எதிராளியிடம் பேசுவான். திட்ட மாட்டான், குசலம் விசாரிப்பான். எந்த ஊர், பஸ்ஸில் வந்தீர்களா ரயிலில் வந்தீர்களா, கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டே இருப்பான். நம் ஊர் ஆளுக்கு ஒருவர் கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க வராது. பதில் சொல்ல வாயைத் திறக்கும் நேரத்தில் இடது கை போய் இறங்கிவிடும். ரெஃப்ரிகள் எச்சரிப்பார்கள். ஒரு ரெஃப்ரியிடம் அவர் பெண்ணுக்கு வரன் அமைந்துவிட்டதா என்று கேட்டு, அவரையும் பதில் சொல்ல வைத்தான்.

மூன்று வருடம் அவனை யாரும் சரியாகத் தோற்கடிக்கவில்லை. எனக்கும் தலை கொஞ்சம் கனத்துப் போயிருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

எழுபதுகளின் பிற்பகுதியில் தஞ்சாவூரில் ஒரு பெரிய போட்டி நடந்தது. காரைக்காலிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் கிளம்பினோம். எங்கள் ஊரில் சாராயம் மலிவு என்பதால் எல்லையில் தமிழ்நாட்டுப் போலீசார் எல்லோர் பையையும் சோதிப்பார்கள். என் பையில் இருந்த வலி நிவாரணத் தைல பாட்டிலை ஒரு போலீஸ்காரர் திறந்து ஆழமாக மோந்து பார்த்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வர அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அந்தச் சிரிப்போடுதான் தஞ்சாவூர் போய் இறங்கினோம்.

இறுதிப் போட்டியில் கலியபெருமாளுக்கு எதிராக நின்றவர் ஒரு ராணுவ அணி வீரர், வடக்கத்திக்காரர். கலியபெருமாள் தமிழில் கேட்ட எந்தக் கேள்வியும் அவருக்குப் புரியவில்லை. அவர் பாட்டுக்கு வேலையைப் பார்த்தார். முதல் ரவுண்டில் கலியபெருமாள் இரண்டு முறை கயிற்றில் சாய்ந்தான். இரண்டாவது ரவுண்டில் ஒருமுறை விழுந்து எட்டு எண்ணும்போது எழுந்தான். மூலைக்கு வந்து உட்கார்ந்தபோது இடது கண் மூடிப்போயிருந்தது. நான் தண்ணீர் காட்டினால் வாய்க்குப் பதிலாகத் தாடையில் ஊற்றிக்கொண்டான்.

துண்டு என் தோளில்தான் கிடந்தது. அதை எடுத்து ரிங்குக்குள் வீசியிருந்தால், தோல்வியை ஒப்புக்கொண்டதாக ஆட்டம் முடிந்திருக்கும். அவன், "ஒரு ரவுண்டு தானே மாஸ்டர், நின்னுடுறேன்" என்றான். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். ஒரு பஸ் ஜனம் உட்கார்ந்திருந்தது. எங்கள் தலைமையாசிரியர் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். அந்த முகங்களைப் பார்த்துவிட்டு, கலியபெருமாளின் முகத்தைப் பார்க்காமலே, "போ" என்றேன்.

மூன்றாவது ரவுண்டை நான் விவரிக்கப் போவதில்லை. இரண்டு முறை விழுந்தான், கடைசிவரை நின்றான். ஊர்க்காரர்கள் அதைப் பெரிய வீரம் என்றார்கள். தலைமையாசிரியர் மாலையைத் தோற்றவனுக்கே போட்டார்.

உடை மாற்றும் இடத்துக்கு அந்த ராணுவ அணியின் பயிற்சியாளர் வந்தார். அரைகுறைத் தமிழில் என்னிடம் ஒன்று சொன்னார். உங்கள் ஆளுக்குத் தலையில் நிறைய அடி பட்டிருக்கிறது, ஆறு மாதம் கையுறையே மாட்ட விடாதீர்கள், பயிற்சிக்குக்கூட வேண்டாம், தினமும் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள் என்றார். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? மறுபடி மோதினால் தன் ஆள் தோற்றுவிடுவான் என்று பயப்படுகிறார் என்று நினைத்தேன். பஸ்ஸில் வரும்போது அதை எல்லோரிடமும் சொல்லியும் சிரித்தேன்.

ஐந்தாவது வாரமே கலியபெருமாளை ரிங்கில் ஏற்றினேன். பயம் உள்ளே தங்கிவிடக்கூடாது, லேசான ஆளாகப் பார்த்து ஜெயிக்க வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்பது என் கணக்கு. ஜெயிக்கவும் செய்தான். ஆனால் ஆட்டம் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதில் மகிழ்ச்சி. அப்பாடா, பையனுக்கு நிதானம் வந்துவிட்டது என்று கிடங்கில் எல்லோருக்கும் அவனை உதாரணமாகக் காட்டினேன்.

அடுத்த ஒரு வருடத்தில் அவனை ஜெயித்த ஆட்களின் பெயர்களைச் சொன்னால் அவர்களே நம்ப மாட்டார்கள். குத்து வருவதற்கு முன்பே கண்ணை மூடினான். கை தானாக மேலே போனது. ஒருகாலத்தில் அவனைக் கண்டால் கழிப்பறைக்கு ஓடிய ஆட்கள் இப்போது அவனோடுதான் மோதுவேன் என்று கேட்டு வாங்கினார்கள். ஒவ்வொரு தோல்விக்கும் நான் ஒரு காரணம் வைத்திருந்தேன். ஓர் இடத்தில் விரிப்பு வழுக்கல், ஓர் இடத்தில் கையுறை ஈரம், ஓர் இடத்தில் மதியம் போட்ட சாம்பார்.

ஊருக்கும் ஆளுக்கொரு யோசனை இருந்தது. கருக்களாச்சேரியில் ஒருவர் நண்டு சூப் குடிக்கச் சொல்லி, பிடித்த நண்டை உயிரோடு அனுப்பி வைத்தார். அது கிடங்குக்குள் ஓடி, பயிற்சி ஒருநாள் நின்றுபோனது. இன்னொருவர், இது சனி, வேறொன்றுமில்லை என்றார். நானும் சனிதான் என்றேன். சனி பிடித்தால் வெளியூர்க்காரர்கள் பஸ் ஏறித் திருநள்ளாறு வர வேண்டும். எங்களுக்குச் சைக்கிளே போதும். நானே அவனைப் பின்னால் உட்கார வைத்து ஒரு சனிக்கிழமை மிதித்துக்கொண்டு போனேன். குளத்தில் முங்கி எழுந்து வந்தவன் தலைவலிக்கிறது என்றான். தண்ணீர் கோத்திருக்கும் என்றேன். எதற்கும் என்னிடம் பதில் தயாராக இருந்த காலம் அது.

எண்பதுகள் பிறந்த சமயம், காரைக்காலிலேயே ஒரு போட்டி நடத்தினோம். கடற்கரைக்குப் போகும் வழியில் திறந்த மைதானம், சாயங்கால வெயில், நல்ல கூட்டம். கலியபெருமாளுக்கு எதிராக நாகப்பட்டினத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். சுமாரான ஆள்தான். முதல் ரவுண்டில் கலியபெருமாள் பழைய ஆளாக ஆடினான். பெல் அடித்தது. நேராகப் போய் நாகப்பட்டினத்துக்காரரின் மூலையில், அவருடைய முக்காலியில் உட்கார்ந்தான்.

மைதானமே சிரித்தது. சேட்டைக்காரன் திரும்பி வந்துவிட்டான் என்று விசில் பறந்தது. எதிர்ப் பயிற்சியாளரும் சிரித்துக்கொண்டே அவன் வாயில் தண்ணீர் ஊற்றினார். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவன் எழுந்து எங்கள் மூலைக்கு வந்தான். என்னப்பா, விளையாட்டா என்று கேட்டேன். ஆமாம் என்று சிரித்தான். சிரித்துவிட்டு மெதுவாக, "இப்ப எத்தினியாவது ரவுண்டு மாஸ்டர்?" என்றான்.

என் சிரிப்பு அங்கேயே நின்றது. பதில் சொல்வதற்குள் பெல் அடித்து அவன் போய்விட்டான். இரண்டாவது ரவுண்டும் அவனுக்குத்தான். இந்த முறை பெல் அடித்ததும் நடுவில் நின்று இரண்டு மூலைகளையும் மாறி மாறிப் பார்த்தான். யாராவது கூப்பிட மாட்டார்களா என்று பார்க்கிற பார்வை. நான் கையைத் தூக்கியதும் வந்தான். மூன்றாவது ரவுண்டு தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. கூட்டம் அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது. அவன் ஜெயித்துக்கொண்டிருந்தான். நான் துண்டை எடுத்து வீசினேன்.

அவசரத்தில் வீசியதால் துண்டு ரிங்கைத் தாண்டிப் போய், அந்தப் பக்கம் உட்கார்ந்து புள்ளி போட்டுக்கொண்டிருந்த நடுவர் ஒருவரின் தலையில் விழுந்தது. அவர் அதை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒருவழியாகப் புரிந்து ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்தி, நாகப்பட்டினத்துக்காரர்கள் விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து, கலியபெருமாளின் கையைத் தூக்கப் போனார். ஜெயிக்கிறவன் மூலையிலிருந்து துண்டு வரும் என்று யார் எதிர்பார்ப்பார்? நான் மேலே ஏறி, நான்தான், நான்தான் என்று மார்பில் தட்டிச் சொல்ல வேண்டியதாயிற்று.

ஒற்றைச் செருப்பு ஒன்று என் காதோரம் போனது. இரண்டாவது செருப்பும் சரியாக வந்து சேர்ந்தது. நாகப்பட்டினத்துக்காரரே என்னிடம் வந்து, வருத்தமாக, ஏன் சார் இப்படி என்றார். கலியபெருமாள் கையுறையைக் கழற்றி என் காலடியில் வைத்துவிட்டுப் போனான். அதற்குப் பதில் அவன் என்னை இரண்டு அடி அடித்திருக்கலாம்.

மறுநாள் காலை தருமபுரத்தில் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தான். அவன் மனைவி வசந்தா காபி கொடுத்துவிட்டு நிலைப்படியோரம் நின்றாள். அதிகம் பேசாத பெண். நேற்று ஏன் நிறுத்தினேன் என்று நான் சொல்லத் தொடங்கியதும், நான் சொல்லி முடிக்கும் முன்பே அவளே எல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். மீன் வாங்கி வந்து வைத்துவிட்டு, மறந்து, இன்னொருமுறை போய் மீன் வாங்கி வருகிறாராம். அவளை அவள் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாராம். வெளிச்சம் பட்டால் தலை வலிக்கிறது என்று பகலிலேயே ஜன்னலைச் சாத்துகிறாராம். ஒரு வருடத்துக்கும் மேலாக இப்படி.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நான் கேட்டப்பல்லாம், மாஸ்டருக்குத் தெரியாததா, அவரு பாத்துக்குவாருன்னாங்க. நானும் உங்களுக்குத் தெரியும்னுதான் நெனச்சேங்க" என்றாள்.

அதற்கப்புறம் அவள் இன்னொன்று கேட்டாள். "இப்படி இருக்கவங்க கம்பத்துல ஏறலாங்களா?"

இதைப் பற்றி நான் ஒரு நொடிகூட யோசித்திருக்கவில்லை. தன் மூலை எது என்று தெரியாதவன், மின்சாரம் ஓடுகிற கம்பி எது என்று எப்படித் தெரிந்துகொள்வான்? ரிங்கை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, அவன் தினமும் எட்டு மணி நேரம் எங்கே இருக்கிறான் என்பதே மறந்துபோயிருந்தது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு மின்துறை அலுவலகத்துக்கு மிதித்தேன். வாசல் வரை போனதும் கால் நின்றுவிட்டது. உள்ளே போய் அவனுடைய பொறியாளரிடம் சொன்னால், அவன் கம்பத்திலிருந்து இறங்கிவிடுவான், சரி. வேலையும் போய்விட்டால்? ஏற்கெனவே நேற்று ஊர் முன்னால் அவமானப்படுத்தியாகிவிட்டது. இன்று பிழைப்பிலும் கை வைக்கப் போகிறேனா? எதிர்த்த டீக்கடையில் ஒரு டீ குடித்தேன். திரும்ப வாசலுக்குப் போனேன். மறுபடி வந்து இன்னொரு டீ குடித்தேன். மூன்றாவது முறை வந்தபோது கடைக்காரர், அலுவலகத்தில் யாருக்காவது பயப்படுகிறீர்களா மாஸ்டர் என்று கேட்டார். அந்த வெட்கத்தில்தான் உள்ளே போனேன்.

பொறியாளர் என்னைவிட இளையவர். நான் நின்றபடியே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் உட்காரச் சொல்லிவிட்டு, உங்களிடம் அவர் சொல்லவில்லையா என்று கேட்டார். இரண்டு மாதத்துக்கு முன்பே கலியபெருமாள் தானே வந்து, எனக்கு ஞாபகம் தடுமாறுகிறது, என்னைக் கம்பத்தில் ஏற்ற வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். பொறியாளரும் புகார் எடுக்கும் டெலிபோன் முன்னால் அவனை உட்கார வைத்துவிட்டார். வீட்டில் இது தெரியக்கூடாது என்று, தினமும் கம்பம் ஏறுகிற இடுப்பு பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பி வந்து, டெலிபோனை எடுத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

பக்கத்து அறையில்தான் இருந்தான். பெல்ட் ஆணியில் தொங்கியது. என்னைப் பார்த்ததும் நாற்காலியை நகர்த்திப் போட்டான். நான் உட்கார்ந்தேன். டெலிபோன் மணி அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், அடிக்கவில்லை.

கம்பத்தில் ஏற வேண்டாம் என்று தெரிந்தவன் ரிங்கில் மட்டும் ஏன் ஏறினாய் என்று கேட்டேன்.

"கம்பத்துல நான் ஒரு தப்பு பண்ணா, கூட நிக்கிறவன் செத்துடுவான் மாஸ்டர். ரிங்குல பண்ணா என் மூஞ்சிதானே."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா, கலியா?"

"நீங்க சனின்னு சொன்னீங்க. மாஸ்டரே சொல்றாரேன்னு இருந்துட்டேன்."

அவன் குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஒரு வருடம் முழுக்க நான் அவன் காலைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன், எடையைப் பார்த்தேன். உனக்கு எப்படி இருக்கிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை. தினமும் உட்கார்ந்து பேசுங்கள் என்று பெயர் தெரியாத அந்த மனிதர் தஞ்சாவூரில் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

அடுத்த வாரம் நான், வசந்தா, கலியபெருமாள் மூவரும் வெளியூரில் ஒரு பெரிய டாக்டரிடம் போனோம். இனி தலையில் ஓர் அடிகூடப் படக்கூடாது என்றார். இரண்டு வருடத்தில் தலைவலி போய்விட்டது. ஆட்களின் பெயர்கள் மட்டும் முழுசாகத் திரும்பவேயில்லை. அதனால் எல்லோரையும் 'மாப்ளே' என்று கூப்பிடப் பழகிக்கொண்டான். பொறியாளரையும் அப்படிக் கூப்பிட்டு ஒருமுறை விளக்கம் எழுதிக் கொடுத்தான். பேச்சு திரும்பி வந்துவிட்டது. கரண்ட் இல்லை என்று கோபமாக போன் செய்கிறவரிடம் வீட்டில் எத்தனை பேர், என்ன சமையல் என்று விசாரித்து முடிப்பதற்குள் கரண்ட் வந்துவிடும். அந்த நாற்காலியில் இருந்தே ஓய்வு பெற்றான்.

நானும் ஒரு விதி வைத்துக்கொண்டேன். பலமாக அடி வாங்கித் தோற்றவனுக்கு ஆறு மாதம் ரிங் கிடையாது. வந்து உட்காரலாம், பேசலாம், கையுறையைத் தொடக்கூடாது. எண்பதுகளின் நடுவில் இந்த விதியில் முதலில் சிக்கியவர் கிளிஞ்சல்மேட்டிலிருந்து வந்த ஒரு மீனவர், மணிமாறன். சென்னையில் அவர் பயங்கரமாக அடி வாங்கினார். இரண்டாவது ரவுண்டிலேயே துண்டை வீசினேன், இந்த முறை ரிங்குக்குள் சரியாக விழுந்தது. அவர் ஊர் திரும்பும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு மாதம் பொறுத்தவர், மூன்றாவது மாதம் என்னிடம் சண்டை போட்டார். நான் அசையவில்லை என்றதும், யாரிடம் முறையிடுவது என்று தெரியாமல் கலியபெருமாளிடம் போயிருக்கிறார்.

கலியபெருமாள் அவரை உட்கார வைத்து, புகார் நோட்டை எடுத்து முறைப்படி பதிவு செய்திருக்கிறான். புகார்: மாஸ்டர் மூன்று மாதமாக ரிங்கில் ஏற விடவில்லை. நடவடிக்கை: பராமரிப்புக்காக இணைப்பு நிறுத்தப்பட்டுள்ளது, மேலும் மூன்று மாதம் கழித்துத் தரப்படும். மாதக் கடைசியில் நோட்டைச் சரிபார்த்த பொறியாளர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுங்கள், சட்டம் போட்டு மாட்டிக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். அரசாங்கத் தஸ்தாவேஜு, தர முடியாது என்றுவிட்டார்.

ஏழாவது மாதம் மணிமாறன் சிதம்பரத்தில் ரிங்கில் ஏறினார். பாயிண்டில் தோற்றார். எனக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, எதிராளி பெயர், அவர் ஊர், எந்த ரவுண்டில் எந்தக் குத்து எந்தப் பக்கம் பட்டது, நான் எந்த இடத்தில் தப்பாக யோசனை சொன்னேன், எந்த நடுவர் எப்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று ஒன்றுவிடாமல் வரிசையாகச் சொல்லி, காரைக்கால் வரும்வரை என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். இடையில் நான் வேண்டுமென்றே ஒரு விவரத்தை மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். உடனே திருத்தினார். நான் ஜன்னலோரம் சாய்ந்துகொண்டு, இன்னும் சொல்லுங்க, இன்னும் சொல்லுங்க என்று கேட்டுக்கொண்டே வந்தேன்.